நாளெல்லாம் மேய்ந்தும் மெலிந்த மீன்: ஒரு பிரிஸில்டூத் டேங்கின் நிகழ்வு ஆய்வு

இந்தக் கடல்மீன் தொட்டி இருப்பது சென்னை பெரம்பூரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கீழே உள்ள சம்ப்பை (வடிகட்டும் தொட்டி) சேர்க்காமல் சுமார் 450 லிட்டர் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து ஊற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இங்கே சட்டப்படி ரீஃப் (பவளம் வளர்க்கும்) தொட்டி வைப்பவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அதனால் இதில் இருந்தவை மஷ்ரூம், ஸோவாந்திட், ஒரு லெதர் கோரல் என்ற கல்லெலும்பு இல்லாத வகைகள் மட்டும். பாறைகள் எல்லாம் செராமிக், புத்தம் புதுசு. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

மீன்கள்: இரண்டு க்ளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ். அப்புறம் கதாநாயகன், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் சர்ஜன் மீன். சர்ஜன் மீன்களைக் கடைகளில் 'டேங்' என்பார்கள்.

தொட்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் சொன்ன குறை இது: "தம்பி, காலையில லைட் போட்டதுல இருந்து ராத்திரி அணைக்கிற வரைக்கும் கொத்திக்கிட்டே இருக்கு. ஆனா வயிறு ஒட்டிப் போய்க் கிடக்கு. பாசியும் கொறையல." பாறைகளில் அரை விரல் உயரத்துக்குப் பச்சை முடிப்பாசி வளர்ந்து அலையில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தீர்க்கத்தான் மீனையே வாங்கியிருக்கிறார். கடையில் "யெல்லோ டேங், எல்லாப் பாசியையும் தின்னுடும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழை.

முதலில் மீன் யார்?

யெல்லோ டேங் என்பது ஸீப்ரசோமா ஃபிளாவெசென்ஸ். ஹவாய்ப் பக்கத்து மீன். மூக்கு நீண்டு குவிந்திருக்கும், வால் அடியில் உள்ள முள் வெள்ளையாகத் தெரியும். இங்கே இருந்ததற்கு மூக்கு நீளவில்லை. முகம் மழுங்கி, உதடு தடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி மெல்லிய தங்க வளையம். இது டீனோகீட்டஸ் ட்ரங்கேட்டஸ், பிரிஸில்டூத் (தூரிகைப் பல்) டேங் சாதியைச் சேர்ந்த நம் இந்தியப் பெருங்கடலின் மீன். மாலத்தீவு, இலங்கைப் பக்கமெல்லாம் உண்டு. 2001-ல்தான் ஜான் ராண்டலும் கெண்டல் கிளெமெண்ட்ஸும் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். அதுவரை ஹவாயின் கோலே டேங்கோடு சேர்த்தே பேசப்பட்ட மீன். குஞ்சாக இருக்கும்போது முழு மஞ்சள், வளர வளரப் பழுப்பாகி உடம்பெல்லாம் நுண்புள்ளி விழும். முழு வளர்ச்சியில் சுமார் 16 சென்டிமீட்டர். சர்ஜன் மீன் குடும்பத்தில் இது சின்ன உருவம். நான்கடித் தொட்டிக்கு ஏதாவது ஒரு டேங் வேண்டுமென்றால் இந்தச் சாதியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆக, பெயர் தப்பாகச் சொல்லி விற்றிருந்தாலும் தொட்டிக்கு ஏற்ற மீன்தான் வந்து சேர்ந்திருந்தது.

சோதனை

தண்ணீரில் குறையில்லை. உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 28 டிகிரி, அமோனியா பூஜ்யம். நைட்ரேட் 25, பாஸ்பேட் 0.15. முடிப்பாசிக்கு விருந்து வைக்கும் அளவுதான், மீனைக் கொல்லும் அளவு இல்லை. மீனின் மூச்சு சீராக இருந்தது. துடுப்பில் கிழிசல் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் நல்ல மீன் மாதிரியே தெரிந்தது. நேர் எதிரே வந்து முகம் காட்டித் திரும்பியபோதுதான் விஷயம் புரிந்தது. மார்புத் துடுப்புக்குக் கீழே வயிறு உள்ளே குழிந்திருந்தது, கண்ணுக்கு மேலே முதுகுச் சதை வற்றிக் கத்தி விளிம்பாக நின்றது. சர்ஜன் மீனைப் பக்கவாட்டில் பார்த்து எடை போடக் கூடாது. தட்டை உடம்பு நம்மை ஏமாற்றிவிடும்.

குடற்புழுவா என்ற சந்தேகம் வந்தது. கழிவு வெள்ளை நூலாக இல்லை, பழுப்பாக, கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சமாகத் தின்கிற மீனின் கழிவு. சரி, அப்படியானால் நாள் முழுக்கக் கொத்துவது எங்கே போகிறது?

அரை மணி நேரம் நாற்காலி போட்டுக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் விடை கிடைக்கிற கேள்விதான் இது. மீன் பாறைக்கு வரும். வாயைத் திறக்கும். திறப்பது என்றால் சாதாரணமாக இல்லை, மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விரிந்து, உதடு முழுக்கப் பாறைமேல் படியும். பிறகு தலையை மேல்நோக்கி ஒரு உதறு. அவ்வளவுதான். கடித்து இழுப்பது கிடையாது. முடிப்பாசி இருக்கும் இடத்தில் இந்த உதறலுக்குப் பிறகும் ஓர் இழைகூட அறுபடவில்லை. இழைகள் உதட்டின் இருபுறமும் வழுக்கிக்கொண்டு போயின.

காரணம் பல். இந்தச் சாதியில் ஒன்பது இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பல் மெல்லியதாக, நீண்டு, நுனி உள்நோக்கி வளைந்து, தாடையில் அசையும்படி வரிசையாக இருக்கும். வெட்டும் பல் இல்லை, வாரும் பல். அகாந்தூரஸ், ஸீப்ரசோமா போன்ற மற்ற சர்ஜன் சாதிகள் பாசியின் மேல் அரிவாள் பிடிக்கின்றன என்றால் இது துடைப்பம் பிடிக்கிறது. பாறைமேல் படியும் டையாட்டம் என்ற நுண்பாசிப் படலம், மக்கிய துகள், நுண்ணுயிர் இவற்றைப் பெருக்கி எடுத்துக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவான டீனோகீட்டஸ் ஸ்ட்ரையேட்டஸையும், பாசி வெட்டும் அகாந்தூரஸ் நைக்ரோஃபஸ்கஸையும் பர்செல், பெல்வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 1993-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரே பாசிப் பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் மேய்ந்தாலும், ஒன்று பாசியை வெட்டுகிறது, மற்றது பாசியை விட்டுவிட்டு அதன் இடுக்கில் உள்ள துகளை எடுக்கிறது. தின்ற துகளை மணலோடு சேர்த்து அரைக்க இதற்கு வயிற்றுச் சுவரும் தடிமன், கோழியின் இரைப்பை போல.

இந்தத் தீனிப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. டஹிட்டியில் ஸ்ட்ரையேட்டஸை மைட்டோ என்பார்கள், பிடித்துச் சாப்பிடுவார்கள். படலத்தோடு சேர்த்து நச்சு நுண்பாசியையும் இந்த மீன் பெருக்கித் தின்றுவிடுவதால் சாப்பிடுபவரைத் தாக்கும் சிகுவாட்டெரா விஷம் அதில் ஏறும். 1970களில் அந்த மீனில் கண்டெடுத்த கொடிய நஞ்சுக்கு மைட்டோடாக்ஸின் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் தொட்டி மீனை யாரும் குழம்பு வைக்கப் போவதில்லை, இருந்தாலும் இது எதைத் தின்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பட்டினியின் காரணம்

முடிப்பாசியை இந்த மீன் தின்னாது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் படலத்தையாவது தின்று வயிறு நிரம்பியிருக்க வேண்டுமே? அதற்கான துப்பு, தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் இருந்தது. அதன் கறுப்புப் பிளாஸ்டிக் மேல் நெருக்கமாக உதட்டுத் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, துடைத்து வைத்ததுபோல். அலை எழுப்பும் மோட்டாரான வேவ் மேக்கரின் உடம்பிலும் அப்படியே. பிரிஸில்டூத் டேங் உள்ள தொட்டியில் இந்தத் தடங்களைக் கண்ணாடி முழுக்கப் பார்க்கலாம். பழுப்புப் படலத்தில் சின்னச் சின்ன நீள்வட்டமாகப் பதிந்திருக்கும். இங்கே கண்ணாடியில் ஒன்றுகூட இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

"கண்ணாடி எப்பண்ணா துடைப்பீங்க?" என்று கேட்டேன்.

"தினமும். நாலு பக்கமும். காந்தம் வெச்சு ராத்திரி ஒரு தடவை இழுத்துடுவேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தத் தொட்டியில் மீனுக்கான மேய்ச்சல் நிலம் கண்ணாடி மட்டும்தான். அதை அவர் தினமும் அறுவடை செய்து, கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மீதி இருந்த பாறைகளோ செராமிக். நான்கு மாதத்தில் அவற்றில் படலம் கெட்டியாகியிருக்காது, ஏறியதையும் முடிப்பாசி மூடிவிட்டது. தினம் இரண்டு வேளை போட்ட குருணைத் தீனியைத் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே க்ளவுன் ஜோடி முடித்துவிடும். கீழே மேய்கிற மீனுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கொத்து நிற்காமல் இருந்ததற்கு அர்த்தம் சாப்பாடு கிடைக்கிறது என்பதில்லை, கிடைக்கவில்லை என்பதுதான். கடலில் இந்த மீன் பகல் முழுக்க ஆயிரக்கணக்கில் கொத்தி, கொத்துக்கு ஒரு துளி என்று சேர்த்து வாழ்கிறது. கொத்துக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கொத்துவதை அது நிறுத்தாது.

பாசி தின்னும் மீன் என்று எழுதி ஒட்டிவிட்டால் அதற்குச் சோறு போட வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. இந்த ஒட்டலால் செத்த டேங்குகளுக்குக் கணக்கு இல்லை.

தீனி

முதல் வேலை, காந்தத்தை முன்கண்ணாடியோடு நிறுத்தியது. பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு எல்லாம் மீனுக்கு. அவருக்கு மனசே இல்லை, பழுப்பாக அசிங்கமாக இருக்கும் என்றார். இருக்கும்தான்.

இரண்டாவது, நோரி. மசாலா, எண்ணெய் சேராத வெறும் கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டோம். மீன் சீந்தவே இல்லை. இதில் ஆச்சரியம் இல்லை, தொங்குகிற தாளைக் கடித்துக் கிழிக்க வாய் தோதுப்படாது, பழகவும் நாளாகும். எனவே தீனியைப் படலமாக மாற்றினோம். நோரியை மிக்ஸியில் பொடியாக்கி, ஸ்பைருலினாப் பொடியும் அரைத்த இறாலும் கொஞ்சம் சேர்த்து, மளிகைக்கடை சைனா கிராஸைக் காய்ச்சி அதில் குழைத்தோம். ஜெலட்டின் வேண்டாம், நம் ஊர் வெயிலில் தொட்டிச் சூட்டுக்கே இளகும். கெட்டியாவதற்குள் தட்டைக் கல்லின்மேல் தோசைக்கரண்டியால் மெலிதாக இழுத்துவிட்டு, ஆறியதும் கல்லோடு தொட்டிக்குள் இறக்கினோம். க்ளவுன்கள் வந்து கடித்துப் பார்த்தன, பெயர்க்க முடியவில்லை, போய்விட்டன. மஞ்சள் மீன் சுற்றி வந்து, பக்கத்துப் பாறையைக் கொத்தி, பிறகு கல்லின் ஓரத்தில் ஒரு உதடு வைத்தது. சாயங்காலத்துக்குள் கல்லின் பாதியில் உதட்டுத் தடம்.

பூண்டுச் சாறு கலக்கலாமா என்று கேட்டார். வாசனைக்கு வேண்டுமானால் கலக்கலாம். அது நோயைத் தடுக்கும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

வெள்ளைப்புள்ளி

வயிற்றுக் குழி கொஞ்சம் நிரம்ப ஆரம்பித்த சமயத்தில் மார்புத் துடுப்பில் உப்புக் கல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மீன் தனிமைப்படுத்தாமல் நேராகத் தொட்டிக்கு வந்தது, பட்டினியும் கிடந்தது, வராமல் இருந்தால்தான் அதிசயம். புள்ளிகள் எண்ணும்படி தனித்தனியாக இருந்தன, மூச்சு இறைக்கவில்லை. எனவே மாவு தூவினதுபோல் வந்து இரண்டொரு நாளில் முடித்துவிடும் வெல்வெட் நோய் இல்லை. இது வெள்ளைப்புள்ளி நோய், காரணம் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி.

சர்ஜன் மீன்களை இது விரும்பிப் பிடிக்கும். ஒட்டுண்ணி சில நாள் மீனின் தோலுக்குள் இருந்து தின்றுவிட்டு, விழுந்து, பாறையிலோ தரையிலோ உறைகட்டிப் பெருகும். உறை உடைந்து வருகிற குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பது, ஒட்டுண்ணி அடுத்த சுற்றுக்குப் போயிருப்பதைக் குணம் என்று எண்ணுவதுதான்.

செப்பு மருந்து பலன் தரும். ஆனால் ரீஃப் தொட்டிக்குள் ஊற்ற முடியாது, நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும். தனித் தொட்டியில் கொடுக்கலாம் என்றால், செப்பு பசியைக் கெடுக்கும். இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்த மீன். அதனால் தொட்டி மாற்றும் முறையை எடுத்தோம். உறை கட்டிய ஒட்டுண்ணி மூன்று நாளுக்குள் குஞ்சு விடாது. எனவே மூன்று நாளைக்கு ஒரு முறை, 72 மணி நேரம் தாண்டாமல், மீனைப் புது உப்புத் தண்ணீர் உள்ள வேறு டப்புக்கு மாற்றுவது. முதல் நாள் ஏற்றினால் நான்கு, ஏழு, பத்து, பதின்மூன்றாம் நாள்களில் மாற்றம். விழுந்த ஒட்டுண்ணி பழைய டப்போடு வெளியே போய்விடும். காலியான டப், ஏர் ஸ்டோன், பி.வி.சி. குழாய்த் துண்டு எல்லாவற்றையும் கழுவி மொட்டை மாடி வெயிலில் எலும்பாகக் காய வைக்க வேண்டும். டேங்குக்குத் தனி டப், மற்ற மூன்றுக்கும் வேறு. எல்லா மீனும் இந்தச் சுற்றுக்குப் போயாக வேண்டும், புள்ளி தெரிகிறதோ இல்லையோ.

பிடிப்பதில் ஒரு ஜாக்கிரதை. சர்ஜன் மீனின் வால் அடியில் இருபுறமும் பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும் முள் இருக்கிறது. மிரண்டால் விரியும். வலையில் பிடித்தால் முள் நூலில் சிக்கி, மீன் துள்ள, வாலடி கிழியும். கையில் பட்டால் நமக்கும் நல்ல வெட்டு. அதனால் வலையே வேண்டாம். விளக்கை அணைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடியைக் கிடையாக வைத்து, கையால் மெல்ல ஒதுக்கி உள்ளே விடுவது. நிதானம் இருந்தால் வரும்.

இந்த முறையில் எல்லோரும் மறந்துவிடுகிற இடம் ஒன்று உண்டு. வழுவழுப்பான புது டப்பில் படலம் இருக்காது. பன்னிரண்டு நாள் அதில் போட்டால் மறுபடி பட்டினி. இதற்குத்தான் டைல்ஸ். வீட்டு வேலையில் மிஞ்சிய தரை டைல்ஸ் துண்டுகளை, கரடான பக்கம் மேலே தெரிய, உப்புத் தண்ணீர் நிரப்பிய வாளியில் பால்கனி வெயிலில் வைத்தோம். விதைக்கு, மீனே இல்லாமல் நான் மென்பவளத் துண்டுகள் மட்டும் வளர்க்கும் தொட்டியிலிருந்து சுரண்டிய பழுப்புப் படலம். நோய் வந்த தொட்டியிலிருந்து எடுத்தால் வாளியிலும் நோய் வரும், அதனால் இந்த இடத்தில் சமரசம் கிடையாது. ஒரு சிட்டிகை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் போட்டதில் சீக்கிரமே டைல்ஸ் பழுப்பேறி, பச்சையேறி, விரலால் தொட்டால் வழுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நல்ல தண்ணீரில் அலசிய புது டைல் இரண்டு டப்புக்குள் போகும், பழையது திரும்பி வாளிக்கு வராது. மீன் ஒரு டைலை ஒரே பகலில் வெள்ளையாக்கிவிடும். டைலோடு சைனா கிராஸ் கல்லும் தொடர்ந்தது. புள்ளி இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு காணவில்லை, ஆனாலும் சுற்றை முடித்தோம்.

பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட்டோம். வெப்பமான தண்ணீரில் இவ்வளவு நாள் தேவையில்லை என்பவர்களும் உண்டு. உறைகள் நீண்ட காலம் தாங்கியதாகப் பதிவுகள் இருக்கும்போது நான் சுருக்க மாட்டேன். அதுவரை மீன்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட தனித் தொட்டியில், டைல்ஸ் வரத்தோடு இருந்தன. இந்தக் காலியிடத்தில் முடிப்பாசிக்கும் வழி பார்த்தாயிற்று. கையால் பிடுங்கியது பாதி, பாசி மேயும் நத்தைகள் மீதி, ஆர்.ஓ. மெம்ப்ரேன் மாற்றியது இன்னொரு பங்கு. பழைய மெம்ப்ரேன் வழியாக வந்த தண்ணீரின் டி.டி.எஸ். பார்த்தால் பாஸ்பேட் எங்கிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

திரும்பிய பிறகு

மூன்று பக்கக் கண்ணாடியும் செராமிக்கும் படலம் போர்த்திய தொட்டிக்கு மீன் திரும்பியது. முதுகு உருண்டு, எதிரே பார்த்தால் வயிறு வெளியே தெரியும் உடம்பு. அண்ணன் மட்டும் கலங்கிப்போய்ப் படம் அனுப்பினார், நிறம் கறுக்கிறது, மறுபடி நோயா என்று. நோயில்லை, வயது. வால் பக்கமிருந்து மஞ்சள் மங்கி ஆரஞ்சு கலந்த பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சளுக்காகவே வாங்கியவருக்கு இது ஏமாற்றம்தான். எனக்கு அந்தப் புள்ளிபோட்ட பழுப்புத்தான் அழகு, ஆனால் காசு கொடுத்தது அவர்.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்ஜன் மீன்கள் அலையடிக்கும் பாறைப் பக்கத்தில் வாழ்பவை, ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் இவைதான் தவிக்கும். கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் 6.2 தான். மே மாதத்தில் கரண்ட் போய், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் மோட்டாரும் ஒரே சமயத்தில் நின்றால் இரண்டு பக்கமும் அடி. வேவ் மேக்கர் ஒன்றை இன்வெர்ட்டரில் இணைத்தாயிற்று. சில்லரை இன்வெர்ட்டர் தாங்காது, தாங்க வேண்டியதுமில்லை.

அடுத்து பவுடர் ப்ளூ டேங் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதுவும் நம் கடல் மீன்தான், பார்க்கவும் ராஜா மாதிரி இருக்கும். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது பெரிதாகும், சண்டைக்காரன், வெள்ளைப்புள்ளியை அழைத்து வருவதில் பேர் போனது, நான்கடியில் அதற்கு நீந்த நீளமும் இல்லை. முடிப்பாசி வெட்ட ஆள் வேண்டுமென்றால் நத்தைகள் போதும்.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: முன்கண்ணாடி மட்டும் துடைப்பது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனிக்கல், நடுவில் நோரி. தாளைக் கிளிப்பில் இல்லாமல் ரப்பர் பேண்டால் கல்லோடு கட்டிக் கொடுத்தால் மீன் இப்போது தின்கிறது. வாரம் ஒரு முறை நேர் எதிரே வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். பக்கவாட்டுப் படம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.